பாட்டரி மேல் பழி

வீட்டில் எது கெட்டாலும் புதிதாக வந்த மருமகள் மேல் பழி போடும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. பழைய மோட்டார் வண்டிகளின் உலகத்தில் அந்த மருமகளுக்குப் பெயர் பாட்டரி!

இதைச் சொல்வதற்குக் காரணம் ஒரு கடிதம். எழுதியவர் ஒரு சகோதரி. அவருடைய தகப்பனார் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றிய 1951-ம் வருஷத்து செவர்லே லாரி இன்னும் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. வாடகைக்கு ஓடுவதில்லை. ஆயுத பூஜையன்று மாலை போட்டு, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவதோடு சரி. ஆனால் இரண்டு வருஷத்தில் மூன்று பாட்டரி வாங்கியாகிவிட்டது. ரிப்பேர்காரர், "டைனமோவைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்துவிடலாம்" என்கிறாராம். தம்பியோ, "பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடலாம்" என்கிறாராம். அப்பாவின் வண்டியை விட மனம் வரவில்லை, பணமும் கரைகிறது. என்ன செய்வது என்று கேட்கிறார்.

'மோட்டார் சமாசாரம் நமக்கு எதற்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கார் ஆனாலும் லாரி ஆனாலும், பில் வரும்போது பீரோவைத் திறந்து பணம் எடுத்துக் கொடுப்பது யார்? நீங்கள்தானே? கொடுக்கிற பணம் எதற்கு என்று தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

பாட்டரி என்பது அண்டா மாதிரி. அதில் தானாக எதுவும் ஊறாது. எஞ்சின் ஓடும்போது பெல்ட் சுழற்றுகிற டைனமோதான் அதை நிரப்புகிறது. இரண்டுக்கும் நடுவே ரெகுலேட்டர் என்ற சிறு பெட்டி இருக்கிறது. அதற்குள் மூன்று காந்தச் சுருள்கள். ஒன்று அழுத்தம் மிஞ்சாமல் பார்க்கிறது. ஒன்று டைனமோ சக்திக்கு மீறி உழைக்காமல் தடுக்கிறது. மூன்றாவதான 'கட்-அவுட்', எஞ்சின் நின்றதும் அண்டாவிலிருந்து மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பி ஓடாதபடி கதவைச் சாத்துகிறது.

இப்போது ஒரு ரகசியம் சொல்கிறேன். அந்தக் காலத்து டைனமோ, எஞ்சின் மெதுவாக உறுமிக்கொண்டு நிற்கும்போது அநேகமாக ஒன்றுமே கொடுக்காது. வேகம் எடுத்தால்தான் கொடுக்கும். லாரியை ஸ்டார்ட் செய்ய ஒரு பெரிய வாளி மின்சாரம் போகிறது. பிறகு மாலையும் கழுத்துமாக நடை வேகத்தில் தெருவைச் சுற்றினால் ஒரு கரண்டிகூடத் திரும்பி வராது. பாதி காலியான பாட்டரியை மறு பூஜை வரை கொட்டகையில் விட்டால், உள்ளேயிருக்கும் ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பிடிக்காது. மூன்று பாட்டரிகளும் போனதற்கு இதுவே போதுமான காரணமாக இருக்கலாம். டைனமோ நிரபராதியாகவும் இருக்கக்கூடும்!

அது நிரபராதியா, குற்றவாளியா என்று கண்டுபிடிக்க ஒரு வோல்ட் மீட்டர் போதும். இந்த லாரிகளைப் பம்பாயில் பூட்டி விற்றது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி. 1928-ல் ஆரம்பித்து 1954-ல் அங்கே கடையைக் கட்டியது. 1951-ம் வருஷத்து வண்டியில் மின்சாரம் 6 வோல்ட். செவர்லே லாரிகளுக்கு 12 வோல்ட் வந்தது 1955-ல் வெளியான புது மாடலில்தான். ஆகையால் கணக்கும் 6 வோல்ட் கணக்கு. எஞ்சின் நிற்கும்போது நல்ல பாட்டரி 6.3 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சினை நன்றாக வேகப்படுத்தினால் 7.2 வோல்ட் சுமாருக்கு ஏற வேண்டும். ஏறினால் டைனமோ வேலை செய்கிறது. ஏறவில்லையென்றால் சார்ஜ் வரவில்லை. 7.5-ஐத் தாண்டிப் போனால் ரெகுலேட்டர் கெட்டு, பாட்டரி கொதிக்கிறது.

சார்ஜ் வரவில்லை என்று தெரிந்ததும் டைனமோவைக் கழற்றிவிடக் கூடாது. செலவில்லாத இடங்களை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட் தளர்ந்திருக்கிறதா? பாட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையும் பூத்திருக்கிறதா? 'எர்த்' ஒயர் பிடித்திருக்கும் இடத்தில் துருவும் பெயிண்டும் மூடியிருக்கிறதா? டைனமோவுக்குள் கார்பன் தேய்ந்திருக்கிறதா? பழைய வண்டிகளின் நோயில் பெரும்பாதி இந்த நான்கில் அடங்கிவிடும்.

அதற்கும் மசியவில்லையென்றால் விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒரு சோதனை செய்வார். எஞ்சின் ஓடும்போது டைனமோவின் 'எஃப்' என்ற முனையை ஒரே கணம் எர்த்தில் தொட்டுப் பார்ப்பார். அம்மீட்டர் முள் துள்ளினால் டைனமோ நல்லது, ரெகுலேட்டர்தான் கெட்டது. துள்ளாவிட்டால் கோளாறு டைனமோவில். இந்த முறை செவர்லேயில் இருக்கும் டெல்கோ-ரெமி டைனமோவுக்குப் பொருந்தும். எல்லா வண்டிக்கும் பொருந்தாது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டாம். அவர் செய்தாரா என்று மட்டும் கேளுங்கள்.

சிலர் புது ஒயர் என்ற பெயரில் மெல்லிய ஒயரைப் போட்டுவிடுவார்கள். 45 வாட் முன்விளக்கு இரண்டு எரிந்தால் 90 வாட். 12 வோல்ட் வண்டியில் இதற்கு ஏழரை ஆம்பியர் போதும். 6 வோல்ட்டிலோ 15 ஆம்பியர் ஓட வேண்டும். இரட்டிப்பு ஓட்டத்துக்குத் தடித்த ஒயர் வேண்டாமா? செல்ஃப் முனகுவதற்கும் விளக்கு மங்குவதற்கும் பல சமயம் இதுவே காரணம். பழி மட்டும் மருமகளுக்கு!

சரி, ஆல்டர்னேட்டர் கெட்ட யோசனையா? இல்லை. டைனமோவில் முழு மின்சாரமும் சுழலும் பாகத்தில் பிறந்து கார்பன் வழியாக வெளியே வர வேண்டும். ஆல்டர்னேட்டரில் அது நிலையாக நிற்கும் சுருளில் பிறக்கிறது. கார்பனுக்குச் சிறு வேலைதான். ஆகையால் அதை வேகமாகச் சுழற்றலாம். எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் சார்ஜ் கொடுக்கும். மலிவான சிலிக்கன் டயோடு வந்த பிறகு, 1960-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி தன் வேலியன்ட் காரில் இதை வைத்தது. பிறகு மற்றவர்களும் பின்பற்றினார்கள். இரவில் நெடுஞ்சாலையில் ஓட்டப் போகிற வண்டிக்கு இது நல்ல மாற்றம்.

ஆனால் அரைகுறையாகச் செய்தால் ஆபத்து. 12 வோல்ட்டுக்கு மாற்றினால் பல்பு, ஹார்ன், இக்னிஷன் காயில், பெட்ரோல் முள் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். புல்லி, பெல்ட்டின் அகலத்துக்குப் பொருந்த வேண்டும். ஆல்டர்னேட்டர் தரும் 50, 60 ஆம்பியரைப் பழைய அம்மீட்டர் வழியாக விட்டால் டாஷ்போர்டு புகையும். பாட்டரிக்குத் தனியாகத் தடித்த ஒயரும் ஃப்யூஸும் வேண்டும். பாட்டரியைத் தலைகீழாக மாட்டினால் டயோடு நொடியில் எரிந்துவிடும். சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் பேய் பிசாசு என்று பயப்பட வேண்டாம். ஆல்டர்னேட்டரின் சிறு ஒயர் வழியாக மின்சாரம் இக்னிஷனுக்குத் திரும்பிப் போகிறது. நடுவே ஒரு எச்சரிக்கை விளக்கோ டயோடோ வைத்தால் சரியாகிவிடும்.

ஆகவே சகோதரிக்கு என் யோசனை இது. முதலில் வோல்ட் மீட்டர் கணக்கைக் கேளுங்கள். டைனமோ நிரபராதி என்றால் அதை இருக்கவிட்டு, வீட்டு மின்சாரத்தில் இயங்கும் 6 வோல்ட் சார்ஜர் ஒன்று வாங்கி மாதம் ஒரு முறை பாட்டரியை நிரப்புங்கள். மாதம் ஒரு நாள் அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டினால் இன்னும் உத்தமம். டைனமோவோ ரெகுலேட்டரோ மாற்றினால், ஸ்டார்ட் செய்யுமுன் டைனமோவை 'போலரைஸ்' செய்தார்களா என்று கேளுங்கள். பல ரிப்பேர்காரர்கள் மறக்கும் காரியம் அது. டைனமோவுக்குத் திசை சொல்லித் தராவிட்டால் புது ரெகுலேட்டரும் கருகும்.

ஆல்டர்னேட்டரே போடுவதாக முடிவு செய்தால், கழற்றிய டைனமோவையும் ரெகுலேட்டரையும் எண்ணெய்த் துணியில் சுற்றி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கடையில் அதற்குக் கிடைப்பது சில ரூபாய். பின்னால் ஒரு நாள் உங்கள் பேரன் வண்டியைப் பழையபடி ஆக்க நினைத்தால், எத்தனை ரூபாய் கொடுத்தாலும் அது கிடைக்காது.