எழுந்திருக்கப் பன்னிரண்டு விநாடி

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடிக்க முண்டியடித்தவர்கள், அறுபதைத் தாண்டியதும் திண்ணையிலிருந்தே கும்பிட்டுக்கொள்கிறார்கள். 'வயசாயிடுச்சுல்ல' என்று வீடும் அதை ஏற்றுக்கொள்கிறது.

மருத்துவம் அப்படி விட்டுவிடவில்லை. முதுமையில் தசை கரைவதற்கு 1989இல் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பெர்க் 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். 2016இல் அந்நாட்டு நோய்ப் பட்டியலில் அதற்குத் தனிக் குறியீடும் கிடைத்தது. தசையின் அளவைவிட வலு வேகமாக இறங்குவதுதான் இதில் வம்பு. ஆள் பார்க்க அப்படியேதான் இருப்பார். பந்தியில் சம்மணமிட்டுச் சாப்பிட்டுவிட்டு எழும்போது மட்டும் ஒரு கை முழங்காலுக்கும் இன்னொரு கை சுவருக்கும் போகும். கவனிக்காமல் விட்டால், ஒருநாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறியும்.

இராஜபாளையம் நூற்பாலையில் ஷிப்ட் பார்த்தவரையும் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்தவரையும், 'உழைச்ச உடம்பு, உட்காருங்கப்பா' என்று பிள்ளைகள் உட்காரவைத்துவிடுகிறார்கள். பாசம்தான். ஆனால், வேலை கொடுக்காத தசை விரைவாகக் கரையும்.

சாப்பாடும் துணைபோகிறது. பல் போனதும் கஞ்சி, ரசம் சோறு, ராத்திரிக்கு இரண்டு இட்லி. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர்.; முதியவர்களுக்கு 1 கிராமாவது தேவை என்பது முதுமை மருத்துவர்கள் பலரின் கருத்து. 55 கிலோ எடையுள்ளவருக்கு 55 கிராம். ஒரு முட்டையில் இருப்பதோ 6 கிராம். பால்கோவா ஊரில் பாலுக்கா பஞ்சம்? தாத்தாவுக்கு அது அரை டம்ளர் காபியாகத்தான் வந்து சேர்கிறது. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.)

போன வலு திரும்புமா? 1990இல் அமெரிக்காவின் பாஸ்டனில், தொண்ணூறு வயதையொட்டிய முதியோர் இல்லவாசிகளுக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் வயதைக் காட்டித் தட்டிக்கழிக்க இனி இடமில்லை.

சார்கோபீனியாவின் அறிகுறியைக் கண்டுபிடிக்க ஸ்கேன் எதுவும் வேண்டாம். கையை மார்போடு கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் சந்தேகப்பட வேண்டும் என்கிறது ஆசிய நிபுணர் குழுவின் 2019 வரையறை. தமிழ்நாட்டில் 2031இல் முதியோர் 18.2 விழுக்காடாக இருப்பார்கள் என்பது மத்திய அரசின் கணிப்பு. 2021இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை தருகிறது. இயன்முறைச் சிகிச்சையும் அளிக்கிறது. அந்த ஊழியர்கள் இந்த நாற்காலிச் சோதனையையும் நடத்தி, பதிவேட்டில் குறிக்க அரசு உத்தரவிட வேண்டும்.