ஏட்டுச் சுரைக்காயும் ஏல முரசும்

"உப்பிலே லித்தியம் இருக்குமாமே, நம் பாத்தியிலும் உண்டா?" என்று அத்திப்பட்டு உப்பளத் தொழிலாளி கேட்டால் நகையாதீர், தோழர்களே! தில்லி அடித்த தம்பட்டம் அப்படி! 2023 பிப்ரவரி 9 அன்று, ஜம்மு-காஷ்மீரத்து ரியாசியில் 59 இலட்சம் டன் லித்தியம் என்று முழங்கினர். மின்கல யுகமே நம் மடியில் விழுந்ததென ஏடுகள் எழுதின. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை வாயிலில் வேலைக்குக் காத்து நிற்கும் இளைஞனும் நம்பினான்.

உண்மை என்ன? கடல்நீரிலும் லித்தியம் உண்டு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை! அர்ஜென்டினாவின் உப்புச் சமவெளியில் இருப்பது, மலைப் பள்ளத்தில் பல்லாயிரம் ஆண்டு வற்றித் திரண்ட உவர்நீர். ரியாசியில் உள்ளதோ உப்புமன்று, களிமண்ணும் பாக்சைட்டும்.

அந்த 59 இலட்சம் எங்கிருந்து வந்தது? கனிம ஆய்வுக்கு நான்கு படிகள்: மேலோட்டம், தொடக்கம், பொது, விரிவு. ரியாசி நின்றது இரண்டாம் படியில்! ‘அனுமான வளம்’ என்றுதான் புவியியல் ஆய்வுத் துறையே குறித்தது. துறை அடக்கமாய்ச் சொன்னது, ஆட்சி ஆர்ப்பரித்தது. அனுமானம் எப்படிச் சுருங்கும் என்பதற்கு மாண்டியாவே சான்று. 2020-இல் 14,100 டன் என்று செய்தி வந்தது. 2021-இல் அரசின் ஆய்வு சொன்னது 1,600 டன்!

எஞ்சிய படிகளை ஏறினார்களா? இல்லை! 2023 நவம்பரில் ஏல முரசு கொட்டினர். மூவர்கூட முன்வரவில்லை, 2024 மார்ச்சில் ஏலம் ரத்து. மறுபடியும் கூவினர், மறுபடியும் வெறுங்கை! களிமண்ணிலிருந்து லித்தியம் பிரிக்கும் தொழில் உலகிலேயே இன்னும் தவழும் பருவத்தில் இருக்கிறது. அனுமானத்தை எந்த முதலாளி விலைக்கு வாங்குவான்? பிறகு, மேலும் ஆய்வு தேவை என்றனர். முதலில் செய்யவேண்டியதைக் கடைசியில் கண்டுபிடித்தனர்!

இது அவசரம் மட்டுந்தானா? 2023 ஆகஸ்டுச் சட்டத் திருத்தம், லித்தியத்தை அணுக்கனிமப் பட்டியலிலிருந்து விடுவித்தது. லித்தியம் உள்ளிட்ட 24 கனிமங்களை ஏலம்விடும் அதிகாரத்தைத் தில்லியிடமே குவித்தது. "வருவாய் மாநிலத்துக்குத்தானே?" என்பர். மண் யாருடையது? நீர் யாருடையது? அந்த அதிகாரத்தால்தானே 2024-இல் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிப் பகுதி டங்ஸ்டனுக்காக ஏலம் போயிற்று! ஊர் திரண்டது, சட்டமன்றம் எதிர்த்தது. 2025 ஜனவரியில் தில்லி பின்வாங்கியது.

ஊரைக் கேளாமல் வரும் தொழிலின் விலை என்ன? பழைய மின்கலத்து ஈயம் உருக்கும் உலைகளின் அருகே வாழும் கும்மிடிப்பூண்டி மக்களைக் கேளுங்கள். உலை வருமுன் ஊரைக் கேளாவிட்டால், புகை வந்தபின் ஊர் கூவியும் பயனில்லை!

ஆய்வே வேண்டாம் என்கிறோமா? இல்லை! ஆய்வை முழுதாய் முடியுங்கள் என்கிறோம். அனுமானத்தை அனுமானமென்றே சொல்லுங்கள். மாநிலத்தின் ஒப்புதலைப் பெறுங்கள். மண்ணில் வாழ்வோரைக் கேளுங்கள். அதன்பின் முரசு கொட்டுங்கள், நாமும் கேட்போம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஏலத்துக்கும் உதவாது என்பதை ரியாசி காட்டிவிட்டது!