ராத்திரி குடித்தது... காலையில் தெளிந்துவிடுமா?

"என்னங்க, மணி ஏழரை ஆச்சு. பாப்பாவை ஸ்கூல்ல விடணும், எந்திரிங்க!"

நேற்று இரவு நண்பர் வீட்டுத் திருமண வரவேற்பு. ஒன்பது மணிக்கு ஆரம்பித்த 'பார்ட்டி' நள்ளிரவில் முடிந்தது. கணக்குக்கு இரண்டு குவார்ட்டர். இப்போது தலை விண்விண்ணென்று தெறிக்கிறது. நாக்கு காய்ந்து ஒட்டுகிறது. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. காபி வாசனைக்கே குமட்டல். "ஒரு மாத்திரையைப் போட்டுட்டு வண்டியை எடுக்குறேன்" என்று தடுமாறி எழுந்திருக்கிறார் வீட்டுக்காரர்.

ஹேங்ஓவர் என்கிற இந்த அவஸ்தையில், அவர் செய்யப்போகிற அந்த இரண்டு காரியங்களுமே ஆபத்தானவை.

உடம்பில் என்ன நடக்கிறது?

உள்ளே போன மதுவைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாற்றுகிறது. பிறகுதான் அது தீங்கற்றதாகிறது. குமட்டலுக்கும் படபடப்புக்கும் இந்த நச்சும் ஒரு காரணம். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனையும் மது அடக்கிவிடுகிறது. அதனால்தான் குடித்தவர் அடிக்கடி பாத்ரூம் போகிறார். காலையில் தாகத்தில் தவிக்கிறார். இரைப்பையின் உட்சுவர் புண்படுகிறது. அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாலும் அது ஆழ்ந்த தூக்கம் அல்ல. பிராந்தி, விஸ்கி, ரம் போன்ற அடர்நிற மதுக்களில் இருக்கும் துணை ரசாயனங்கள் இந்த அவஸ்தையை இன்னும் கூட்டும்.

வண்டி ஏன் கூடாது?

ஒரு குவார்ட்டர் என்பது 180 மி.லி. அதில் 42.8 சதவிகிதம் ஆல்கஹால் என்றால், சுமார் 60 கிராம். கல்லீரலால் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்க முடியும். ஆக, ஒரு குவார்ட்டர் தீரவே 6 முதல் 9 மணி நேரமாகும். இரண்டு என்றால் 12 மணி நேரத்துக்கும் மேல். காலை எட்டு மணிக்கும் ரத்தத்தில் மது மிச்சமிருக்கும்.

100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், வண்டி ஓட்டுவது குற்றம். முதல்முறை சிக்கினால் 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ராத்திரிதான் சார் குடிச்சேன்' என்பது செல்லாது. அபராதம் கிடக்கட்டும், பின்சீட்டில் உட்கார்ந்திருப்பது குழந்தை!

பச்சைத் தண்ணீரில் குளிப்பதும், ஸ்ட்ராங் காபியும் தூக்கத்தைக் கலைக்கலாம். ஆனால் மதுவை ஒரு சொட்டுகூடக் குறைக்காது.

மாத்திரை?

குடித்த கையோடு பாராசிட்டமால் போடுவது, ஏற்கெனவே திணறும் கல்லீரலுக்குக் கூடுதல் சுமை. தினமும் குடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்றவை புண்பட்ட இரைப்பையில் ரத்தக்கசிவை ஏற்படுத்தலாம். மருத்துவரைக் கேட்காமல் எதையும் போட வேண்டாம்.

எது உதவும்?

* தண்ணீர், உப்புப் போட்ட மோர், இளநீர், நீராகாரம்: கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி.
* ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கலாம். இட்லி, கஞ்சி, வாழைப்பழம் போன்ற எளிய உணவு நல்லது. காரமும் எண்ணெயும் வேண்டாம்.
* ஓய்வு. உண்மையான மருந்து நேரம் மட்டும்தான்.

'காலையில ஒரு கட்டிங் போட்டா தெளிஞ்சிடும்' என்பது அவஸ்தையைத் தள்ளிப்போடும் வேலை. அந்த கட்டிங் இல்லாமல் கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்றால் அது ஹேங்ஓவர் அல்ல. உடம்பு மதுவுக்கு அடிமையாகிவிட்டதன் அறிகுறி. அப்படிப்பட்டவர் திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும். மதுப்பழக்கத்திலிருந்து மீள 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

இதை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள்!

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மெத்தனாலின் ஆரம்ப அறிகுறிகளும் தலைவலி, வாந்தி என்று ஹேங்ஓவர் போலவே இருக்கும். பார்வை மங்குவது, கடும் வயிற்றுவலி, மூச்சு வாங்குவது ஆகியவை பல மணி நேரம் கழித்துக்கூடத் தலைகாட்டலாம். எழுப்பியும் எழாதது, வலிப்பு, ரத்த வாந்தி ஆகியவையும் அபாய அறிகுறிகளே. 'தூங்கினால் சரியாகிவிடும்' என்று விடாமல் உடனே 108-ஐ அழையுங்கள். மயங்கிக் கிடப்பவரை மல்லாக்கப் படுக்கவிடாமல் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாந்தி மூச்சுக்குழாயை அடைக்காமல் இருக்கும்.

அந்த வீட்டுக்காரர் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறார். அதை மனைவி எடுத்து ஒளித்துவைத்ததில் தப்பே இல்லை. பாப்பா இன்றைக்கு ஆட்டோவில் போகட்டும். சாயங்காலம் தலைவலி விட்ட பிறகு, அடுத்த பார்ட்டியைப் பற்றி இருவரும் உட்கார்ந்து பேசட்டும்.