கிரான் மணலும் வாவி மீனும்

அலாஸ்காவின் பிரிஸ்டல் குடாவில், சால்மன் மீன்கள் முட்டையிடும் ஆறுகளைக் காக்கவென்று பெபிள் சுரங்கத் திட்டத்தை அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2023 ஜனவரியில் தடுத்தது. ஆற்றின் அடித்தளம் மீனின் தொட்டில் என்பதை அங்கே சட்டம் ஏற்றது. கிரானிலோ அது கியூப் கணக்கில் விலைபோகும் சரக்கு.

முந்தனையாற்றுப் படுகையில் மணல் அள்ளுவதை எதிர்த்தால், "அனுமதிப்பத்திரம் உண்டு" என்பார்கள். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டப்படி புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் அதை வழங்கலாம். ஆனால் அனுமதி துண்டு துண்டான இடங்களுக்கு, ஆறோ ஒன்று. மணல் ஏற்றிச் செல்லும் அனுமதிமுறையையே அரசு 2019 டிசம்பரில் நீக்கியதையும் கண்டோம்.

படுகை தாழ்ந்தால் கரை இடியும், உவர்நீர் மேலேறும், கிணறு வற்றும். கலங்கிய நீர் வாவியை அடைந்தால் கடற்புல்லுக்கு வெளிச்சம் கிட்டாது. கடலில் பிறந்து வாவிக்குள் வளர வரும் இறால் குஞ்சு எங்கே ஒதுங்கும்? தோணிக்காரரின் வெறும் வலைக்கு யார் நட்டஈடு தருவார்?

வீடு கட்ட மணல் வேண்டாமா என்று கேட்பது நியாயமே. வேண்டும். அவ்வீடுகளில் பல, புலம்பெயர்ந்தோர் பணத்தில் எழுபவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நான் கேட்பது கணக்கு மட்டும். மாரியில் ஆறு கொண்டுவரும் அளவுக்கு மேல் ஒரு கியூப்பும் அள்ளலாகாது. அக்கணக்கை மீனவரும் விவசாயிகளும் பார்க்கும்படி பிரதேச செயலகத்தில் ஒட்டுங்கள். ஒட்ட முடியாத கணக்கென்றால், அந்த அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்யுங்கள்.