ஏடும் கூடையும்

கீழ்ப்பிறந்தான் எனப்பட்டவன் ஒருவன் கற்பானாயின், மேற்பிறந்தான் எனப்பட்டவனும் அவனிடம் பணிந்து செல்வான் என்பது ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் கருத்து. பிறப்பு இட்ட வேலியைக் கல்வி தகர்க்கும் என்று அப்பாண்டியன் நம்பினான். லுணுகலை, மடூல்சீமை, பசறை முதலிய ஊவாத் தோட்டப்பகுதிகளிலோ கல்வியே வேலியாகி நிற்கக் காண்கின்றோம்.

இவ்வேலி தானே முளைத்ததன்று. 1945ஆம் ஆண்டில் கன்னங்கர அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது, தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறம்பே நின்றன. ஒரே கூடம், ஓராசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. பலவற்றின் நிலை இதுவே. 1977ஆம் ஆண்டு முதற்கொண்டுதான் அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. அதுவரை, ஆங்கிலம் கற்றவர் கிளாக்கராகவும் கண்டக்டராகவும் அமர்ந்து 'ஐயா' எனப்பட்டார். லயத்திற் பிறந்தவர் பிரட்டுக்களத்தில் நின்றார்.

இதன் கொடுமை கொழுந்து நிறுக்குமிடத்தில் விளங்கும். நிறுப்பவர் எழுதியதே கணக்கு. கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்தது எவ்வளவு, எஞ்சியது முழுப்பேருக்குப் போதுமா, அரைப்பேராகுமா என்று கேட்க எழுத்தறியாத் தாய் அஞ்சுகின்றாள். கேட்டாலோ, "உனக்கென்ன தெரியும்?" என்பதே மறுமொழி. அங்கே படிப்பு அறிவாக அன்று, அதிகாரமாகவே நிற்கிறது.

இன்று லயத்துப் பிள்ளைகளும் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் வருகின்றனர். வேலி வீழ்ந்ததா? எம்மிடம் பயின்ற ஒருவன் தோட்ட அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞனானான். சம்பளக் கணக்குக் கேட்க வந்த முதியவள் ஒருத்தியை வாயிற்படிக்கு வெளியே நிறுத்தியே அவன் பேசக் கண்டோம். அவளும் அவன் தாயும் ஒரே மலையிற் கொழுந்தெடுத்தவர்கள். கண்டிக்க எழுந்த நா அடங்கிற்று. ஒருகால் அவன் தாய் பாடசாலைக்கு வந்தபோது, யாமும் அவளை வகுப்பறை வாயிலில் நிறுத்தியன்றோ பேசினோம்! "படிக்காவிட்டால் கூடைதான் தூக்குவாய்" என்று அவனை நாள்தோறும் வெருட்டியதும் யாமே. கூடை இழிவு என்னும் பாடத்தை அவன் பிழையறக் கற்றிருந்தான்.

ஆசிரியப் பெருமக்களே, அவ்வெருட்டுமொழியை இன்றே கைவிடுவோம். கொழுந்து மணத்தோடு வரும் தாய்க்கு ஒரு நாற்காலி இடுவோம். தன் தாயின் சம்பளச் சீட்டை வரிவரியாக வாசித்து, கழிவு இன்னதென அவளுக்கு விளக்க ஒவ்வொரு மாணவனையும் பழக்குவோம். அவ்வாறு பழகியவன் நாளை நாற்காலியில் அமர்ந்தாலும், எதிரே நிற்பவளை "இருங்கள் அம்மா" என்பான். கூடை சுமந்த கூலியால் வாங்கிய ஏடு, கூடையைப் பழிக்கலாகாது.