ஊரை அறியாத பிள்ளைகள்

பாடசாலைச் சுற்றுலா என்றதும் எமது ஆசிரியர்களின் சிந்தை அநுராதபுரத்துக்கும் கண்டிக்கும் தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்கும் ஓடுகின்றது. நள்ளிரவில் பஸ் புறப்படும்; மூன்றாம் நாள் விடியற்புறத்தில் திரும்பும். இடையிற் பிள்ளை கண்டது பெரும்பாலும் பஸ்ஸின் யன்னலையும் முன்னாலிருந்தவனின் பிடரியையுமே. அப்பயணங்களை நாம் பழிக்கவில்லை. இந்நாட்டின் எப்பகுதியையும் சென்று காணும் உரிமை எம் பிள்ளைகளுக்கு உண்டு. ஆனால் ருவன்வெலிசாயவைக் கண்டு வந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கந்தரோடை எங்கே என்று கேட்டால் விழிக்கின்றது. சுன்னாகத்திற் குடியிருக்கும் பிள்ளையும் விழிக்கின்றது! இதற்காகப் பிள்ளையைக் குறைகூறுதல் நீதியாகாது. காட்ட வேண்டியவர்கள் காட்டவில்லை.

நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் தமது சுற்றுப்புறத்து வரலாற்றிடங்களுக்கு அழைத்துச் செல்லும் ஒருநாட் பயணத்தை ஒவ்வோர் ஆரம்பப் பாடசாலையும் ஒழுங்கு செய்ய வேண்டும் என்று வற்புறுத்துகின்றோம். புலமைப்பரிசில் பரீட்சைக்கு நாள் நெருங்குகின்றதே, ரியூசன் தவறுமே என்று அங்கலாய்க்கும் பெற்றோர் இதனை வீண்வேலை என்பர். ஒருநாள் ரியூசன் தவறியதால் வாழ்வு கெட்ட பிள்ளையை நாம் இதுவரை கண்டதில்லை.

இதில் நாம் அவசரங் காட்டுவதற்குக் காரணம் உண்டு. சாட்சி இறந்து, ஆவணமும் தொலைந்தால், உரிமை எத்துணை உண்மையானதாயினும் அதனை நிலைநாட்டுதல் அரிதென்பதை நீதிமன்றப் படி ஏறியவர் எவரும் அறிவர். எமது நிலை அதற்கு அணித்தாக வந்துவிட்டது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களும், அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடுவாசல் விட்டுப் பெயர்ந்தனர். பல்லாண்டு கழித்துக் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, வேலியும் எல்லைக்கல்லும் இல்லாத பற்றைக்காட்டில் "இதுதான் எங்கள் வளவு" என்று சுட்டிக்காட்ட ஒரு முதியவரின் விரல் தேவைப்பட்டது. அம்முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் காட்டியதைப் பார்த்துக்கொள்ள ஒரு பத்து வயதுப் பிள்ளை அருகில் நின்றிருந்தால், அந்தச் சாட்சியம் இன்னும் அறுபது ஆண்டுகள் உயிரோடிருக்கும்.

ஆகவே பயணம் பாடசாலை வாசலிலிருந்து கால்நடையாகவே தொடங்க வேண்டும். அதற்கு முதல்வாரம் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக் காணியின் பெயரைக் கேட்டு எழுதி வரட்டும். எமது நாட்டில் துண்டுக் காணிக்கும் பெயருண்டு. ஒல்லாந்தர் தம் காலத்திற் காணிகளைத் தோம்பிற் பதிந்தனர். அத்தகைய பழைய காணிப்பெயர்களைத் தாங்கியே எமது உறுதிகள் இன்றும் எழுதப்படுகின்றன. அவ்வுறுதிகளில் நிலத்தின் அளவு லாச்சம் என்றும் பரப்பு என்றும் வரும். அதுவும் நெல்லுக்குரிய அளவு வேறு, வரகுக்குரிய அளவு வேறு. வரகைக் கண்ணாலும் கண்டிராத பிள்ளை, தன் வீடு நிற்கும் நிலம் வரகின் பெயரால் அளக்கப்பட்டது என்று அறியும்போது பாட்டன் உண்ட உணவையும் உழுத நிலத்தையும் ஒருங்கே அறிகின்றது. எந்தப் பாடநூலும் இதனைச் சொல்லித்தரப் போவதில்லை. வழியிலே சுமைதாங்கிக்கல் இருந்தால் அங்கே நிற்கட்டும். ஆவுரோஞ்சிக்கல் இருந்தால் கையால் தடவிப் பார்க்கட்டும். எத்தனை மாட்டின் முதுகு உரைந்து அக்கல் வழவழப்பானது என்பதைத் தோட்டக்காரர் ஒருவர் சொல்லட்டும்.

அங்கிருந்து பஸ்ஸில் நிலாவரைக்குச் செல்லலாம். இராமபிரான் அம்பெய்து நீர் வருவித்தார் என்ற கதையைப் பிள்ளைகள் கேட்டிருப்பர். அக்கதையைச் சொல்ல வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நன்றாகவே சொல்லுங்கள். அதன்பின், குடாநாட்டின் அடியிற் கிடப்பது சுண்ணாம்புக்கல் என்பதையும், மழைநீர் அதனைக் கரைத்துக் குகைகளும் பிலங்களும் ஆக்கியதையும், மேலே நன்னீர் மிதக்க ஆழத்தில் உவர்நீர் நிற்பதையும் சொல்லுங்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும் என்பதை எமது விவசாயிகள் தம் வெங்காயப் பாத்தியிற் படித்திருக்கின்றனர். அவர்களில் ஒருவரே பிள்ளைகளுக்கு ஆசிரியராகட்டும். பிள்ளையின் கொப்பியில் இரண்டு பத்திகள் கீறப்பட்டிருக்க வேண்டும்: ஒன்றிற் கண்டது, மற்றதிற் கேட்டது. கேள்விச் சாட்சியத்துக்கும் கண்கண்ட சாட்சியத்துக்கும் உள்ள வேற்றுமையை, சட்டக்கல்லூரி வரும்வரை காத்திராமல், பத்து வயதிலேயே அறிவதனால் எவருக்கும் தீங்கில்லை. (முதியோர் சிலரும் இப்பயிற்சியைப் பெறலாம்.)

பின்னர் கந்தரோடை. இங்கேதான் சிலர் தயங்குகின்றனர். சுண்ணக்கல்லாலும் முருகைக்கல்லாலும் ஆன சிறு குவிமாடங்கள் அங்கே கூட்டமாக நிற்கின்றன. 1917 இல் போல் ஈ. பீரிஸ் அங்கு ஆராய்ந்தார். 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தார் அகழ்ந்தனர். உரோம நாணயங்கள் கிடைத்தன. தமிழகத்துப் பெருங்கற்கால ஊர்களிற் கிடைப்பன போன்ற கறுப்பும் சிவப்புமான மட்கலத் துண்டுகளும் கிடைத்தன. புத்தர் பிறக்கும் முன்போ பின்போ, இவ்வூரில் மனிதர் குடியிருந்து கடல்கடந்து வாணிகம் செய்தனர் என்பதற்கு இவை போதிய சான்றல்லவா? எனினும், பௌத்தச் சின்னமுள்ள இடமாதலால் பிள்ளைகளை அங்கே கொண்டுபோக வேண்டாம் என்போர் எம்மிடையே உளர். இதை நாம் முற்றாக மறுக்கின்றோம். தமிழர் பௌத்தராகவும் சமணராகவும் வாழ்ந்த காலம் ஒன்றிருந்தது. மணிமேகலை தமிழிலன்றி வேறெம்மொழியில் எழுந்தது? குவிமாடத்தைக் கண்டதும் அது ஓரினத்துக்கே உரியதென்று எழுதுவோர் ஆதாரத்துக்கு அப்பாற் பேசுகின்றனர். அதற்கு அஞ்சி அவ்விடத்தைச் சுற்றிப் போகும் நாமோ, அழைப்பாணை கிடைத்தும் மன்றுக்குப் போகாதிருந்து ஒருதலைத் தீர்ப்பை வீட்டுக்கு வருவித்துக்கொள்கின்றோம்.

உண்மை பேசுவதென்றால் எமக்கு உவப்பான உண்மையை மட்டும் பேசுவதன்று. ஊர்க்கிணற்றைக் காட்டும்போது, அக்கிணற்றில் அள்ள விடாது ஒரு சாரார் காலங்காலமாக ஒதுக்கப்பட்டனர் என்பதையும் வயதுக்கேற்ற சொற்களிற் சொல்ல வேண்டும். கோயில் வாசலிலும் அப்படியே. அந்த மக்களின் பிள்ளைகளும் அதே பஸ்ஸில் இருப்பர். அவர்களுடைய பாட்டனார் கட்டிய மதிலும் வெட்டிய கிணறும் ஊர் வரலாற்றிற் சேராவிடின், அந்த வரலாறு பாதி உறுதி போன்றது. எந்த நொத்தாரிசும் அதனைச் சான்றுப்படுத்தமாட்டார்.

ஒழுங்குகளைப் பற்றிச் சில சொற்கள். பொறுப்பாசிரியர் ஒருவாரம் முன்னதாகத் தாமே அவ்வழியே சென்று நிழல், குடிநீர், மலசலகூடம் ஆகியவை எங்குள்ளன என்று பார்த்து வர வேண்டும். வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். மாரியில் வேண்டாம், அறுவடை முடிந்த மாசிக் கடைசி நன்று, விவசாயிகளுக்கும் ஓய்வுண்டு. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் கட்டாயம். நிலாவரையில் எப்பிள்ளையும் நீர்விளிம்பை அணுகலாகாது. ஒரு நாளில் மூன்று இடங்களுக்கு மேல் வேண்டாம்; ஆறு இடம் பார்த்தோம் என்று அறிக்கை எழுதுவதற்காகப் பிள்ளைகளை ஓட்டாதீர்கள். கந்தரோடை மண்ணில் ஓட்டுத்துண்டு காலில் இடறினால் அதைப் பையிற் போடக்கூடாது என்பதை முன்னரே சொல்லிவையுங்கள். 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பெரியவர்களுக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. கிடந்த இடத்திற் கிடந்தாற்றான் அது சான்று, பைக்குள் வந்தால் வெறும் ஓடு.

செலவு பெரிதன்று. ஒருநாட் பஸ் வாடகையும் மதிய உணவுமே. ஆயினும் அதுவும் இயலாத வீடுகள் உண்டு. பணமில்லாமையால் ஒரு பிள்ளை வகுப்பறையில் தனித்திருக்க மற்றவை பயணம் போகுமாயின், அப்பயணம் போகாதிருத்தலே மேல். பழைய மாணவர் சங்கங்கள் விளையாட்டுப் போட்டிக்கும் பொன்விழா மலருக்கும் செலவிடுவதில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

இவ்விதழைப் படிக்கும் சட்டத்தரணிகளிடமும் நொத்தாரிசுகளிடமும் நாம் கேட்பது, பெயரும் இலக்கமும் மறைத்த பழைய உறுதிப் பிரதி ஒன்றை அண்மைப் பாடசாலைக்குக் கொடுத்து, அரைமணி நேரம் அதனை வாசித்து விளக்குங்கள். விவசாயப் பெருமக்களே, துலா மிதித்த கால்கள் உங்களுடையவை. பட்டையால் இறைத்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். அதிபர்கள் அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதனை நிகழ்ச்சி நிரலிற் சேர்த்து, மாசி மாதத்தில் ஒரு நாளைக் குறித்துவிட்டால் மற்றவை தாமே நடக்கும்.