மரமில்லாத மணலில் வின்ச் எதற்கு?

"கரடுமுரடான பாதையில் இறங்கும் ஜீப்புக்கு வின்ச் (உருளையில் சுற்றிய கம்பியால் வண்டியை இழுத்து மீட்கும் மோட்டார் கருவி) கட்டாயம்; சிக்கினால் பிறர் துணையின்றி மீளலாம்" என்கிறார்கள். அப்படியா?

1. கம்பியின் மறுமுனையை எதில் கட்டுவீர்கள்? ஜெய்சல்மேர் மணல்மேட்டில் மரம் ஏது?

2. ஒரு வின்ச்சுக்குச் சொல்லப்படும் 9,500 பவுண்டு, அதாவது சுமார் 4,300 கிலோ இழுவை என்பது உருளையில் கம்பி ஒரே அடுக்காக இருக்கும்போது மட்டுமே. அடுக்கு ஏற ஏற இழுவை குறையும்.

3. முழுச்சுமையில் வின்ச் 400 ஆம்பியர் வரை உறிஞ்சும். கிழட்டு பேட்டரி தாங்குமா?

4. எஃகுக் கம்பி அறுந்தால் சாட்டையாய்த் திரும்பும். பழகாத கைக்கு அது துணையா, எமனா?

5. மணலில் முதல் மருந்து டயர் காற்றைக் குறைப்பது. செலவு? சுழியம். அதைச் செய்தீர்களா?

தனியாக, மரமடர்ந்த சேற்றுக்காட்டில் அடிக்கடி அலைபவர் வாங்கட்டும். மற்றவர்களுக்கு மண்வெட்டி, இழுவைப் பட்டை, கூட வரும் இன்னொரு வண்டி போதும்.